மேப்ல பச்சை, வயல்ல வெள்ளை

கேள்வி: ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்திருக்கேன் ஐயா. கடைக்காரர் செல்லுல மேப் பாத்துட்டு மக்காச்சோளத்துக்கு எஸ்2 நிலம், தாராளமா வரும்னு விதையும் அஞ்சு மூட்டை ஜிப்சமும் எழுதிக் குடுத்தாரு. ஆனா கீழ்ப்பக்கம் காஞ்சா வெள்ளையா பூக்குது. விதைக்கலாமா? ரெண்டு சின்னப் புள்ளைங்க, இந்த நிலத்தை நம்பித்தான் சாப்பாடு.

பதில்: மேல்பக்கம் விதைங்க தம்பி, கீழ்ப்பக்கம் இப்போ வேணாம், மண்ணைப் பாக்காம ஜிப்சம் வாங்கவே வாங்காதீங்க. எஸ்2னா 'ஓரளவு ஏத்தது', அவ்வளவுதான், ஐ.நா.வோட உணவு, விவசாய அமைப்பு (எஃப்ஏஓ) 1976ல போட்ட தரம். தரத்துல குத்தமில்ல, ஆனா சும்மா கிடைக்கிற உலக மண் மேப்புல ஒரு கட்டமே 250 மீட்டர், அதாவது 15 ஏக்கர் சொச்சம், உங்க வெள்ளை மூலை அதுல எங்க தெரியப்போவுது.

கடப்பாரைய எடுங்க. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, 3 அடிக் குழி. (எதைக் கேட்டாலும் குழி வெட்டச் சொல்றான்னு சிலருக்கு என் மேல கடுப்பு, இருக்கட்டும்.) வேர் எந்த ஆழத்துல மடங்குது, மண்ணு எங்க இறுகுதுன்னு பாருங்க, சாம்பல் மண்ணுல துருப்புள்ளி இருந்தா அங்க தண்ணி தேங்குதுன்னு அர்த்தம். கீழ்க்குழியில ஒரு காஞ்ச கட்டி எடுத்து கண்ணாடி டம்ளர்ல மழைத்தண்ணி ஊத்தி அதுல மெதுவா விடுங்க, ஆட்டக்கூடாது. சில மணி நேரத்துல கட்டிய சுத்தி பாலாட்டம் கலங்கினா களர், அதாவது சோடியம் ஏறின மண்ணு, அதுக்குத்தான் ஜிப்சம். தெளிவா நின்னா பெரும்பாலும் உவர், வெறும் உப்பு, அதுக்கு ஜிப்சம் எத்தனை மூட்டை கொட்டினாலும் தண்டம், வடிகால் வெட்டி நல்ல தண்ணி கட்டி உப்பைக் கீழ இறக்கணும். லேப்ல பிஎச் (மண்ணு புளிப்பா காரமான்னு சொல்ற அளவு), ஈசி (உப்பு அளவு) பாத்து உறுதி பண்ணிக்கோங்க. மண்ணைத் தொடாமலே மூட்டைக் கணக்கு சொல்றவருக்கு உங்க நிலத்தப் பத்திக் கவலையில்ல, குடோன்ல தேங்கின சரக்கப் பத்திதான்.

நீங்க கேக்காத ஒண்ணு. புள்ளைங்க சாப்பாடுன்னு எழுதிட்டு மொத்தத்தையும் மக்காச்சோளமா போட்டா எப்படி? மேல்பக்கத்துல கால் பங்கை பீன்ஸ், கீரைக்கு ஒதுக்குங்க, பீன்ஸ் மக்காச்சோளத்த விட உப்புக்குப் பயந்தது, கீழ கொண்டு போயிடாதீங்க. பிஎச் 8 தாண்டின மண்ணுல ஜிங்க் (துத்தநாகச் சத்து) இருந்தாலும் பயிருக்குச் சரியா கிடைக்காது, பயிர்ல கொறஞ்சா சாப்பாட்டுலயும் கொறையும், அதனால ஜிங்க், இரும்பு ரெண்டையும் டெஸ்ட்ல கேளுங்க. சாம்பிளை தகர வாளியில அள்ளாதீங்க, அதுல பூசியிருக்கறதே ஜிங்க்தான், ரிசல்ட் ஏறிக் காட்டும்.

பாசனத் தண்ணியும் ஒரு பாட்டில் சேத்துக் குடுங்க, உப்பே அதுல இருந்து வருதோ என்னவோ. ரிசல்ட் வரட்டும், கீழ்ப்பக்கத்துக்கு எந்த விதைன்னு அப்புறம் பேசுவோம்.