பணவீக்கம் இறங்கியும் விலை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: என் ஓய்வூதியப் பணம் நிலையான வைப்பில் இருக்கிறது. அந்த வட்டியில்தான் வீடு ஓடுகிறது. பணவீக்கம் இறங்கிவிட்டது என்கிறார்கள், ஆனால் கடையில் ஒன்றும் மலியவில்லை. அரசு காசு அச்சடித்ததுதான் காரணமா? மறுபடி அப்படி நடந்தால் என் பணத்தை எப்படிக் காப்பது?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். வேகம் குறைந்தால் விலை மெதுவாக ஏறும், அல்லது அப்படியே நிற்கும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். முந்தைய ஆண்டு 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் 170 ரூபாய் ஆனது. 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதம்தான். ஆனால் அதே சாமான் ஏறக்குறைய 172 ரூபாய். பழைய 100 ரூபாய்க்கு அது திரும்பவே இல்லை.

காசு அச்சடித்ததற்கு இதில் பெரிய பங்குண்டு. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8க்கு வெட்டினார்கள். அடுத்து கொரோனா வந்தது, வருமானம் படுத்தது, வெளிநாட்டுக் கடனும் கிடைக்கவில்லை. துண்டு விழுந்த தொகையை நிரப்ப, அரசு குறுகிய காலக் கடனுக்காக வெளியிடும் திறைசேரி உண்டியல்களை மத்திய வங்கியே புதுக்காசு கொடுத்து வாங்கியது. 200 ரூபாயில் பிடித்து வைத்திருந்த டொலரை 2022 மார்ச்சில் விட்டதும் அது 360ஐத் தொட்டது. 2021 உரத் தடையும் உலகச் சந்தை எண்ணெய் விலையும் சேர்ந்துகொண்டன.

வரிக்குறைப்பில் கொடுத்ததை விலைவாசி வழியாக வசூலித்துவிட்டார்கள் என்றே நான் சொல்வேன். ரூபாய்க் கடனாளிகளில் பெரியவர் அரசுதான். அதன் கடன் கரைந்தது, உங்கள் வைப்பும் கூடவே கரைந்தது. இதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. இப்போதுள்ள 18 சதவீதப் பெறுமதி சேர் வரியும் ஏழைகளை அழுத்துகிறது. சொத்துள்ளவர்களிடம் இன்னும் கூடுதலாக வாங்கியிருக்கலாம். ஆனாலும் அச்சகத்துக்குத் திரும்புவது அதைவிடக் கொடுமை. 2023ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டம் அரசுக்கு அப்படிக் காசு கொடுப்பதைத் தடுக்கிறது. அந்தச் சட்டத்தைத் தளர்த்தும் பேச்சு எழுந்தால், அல்லது வரவு செலவுத் திட்டத்தில் வரியைக் குறைத்துவிட்டு ஈடு எங்கே என்று சொல்லாவிட்டால், நீங்கள் உஷாராக வேண்டும்.

சரி, வைப்புக்கு வருவோம். உங்கள் வட்டி 8 சதவீதம் என்று வையுங்கள். வட்டியிலிருந்து வங்கியே பிடிக்கும் 10 சதவீத நிறுத்திவைப்பு வரி போனால் 7.2. மத்திய வங்கியின் பணவீக்க இலக்கான 5ஐக் கழித்தால் மிஞ்சுவது 2.2. அதற்கு மேல் செலவழித்தால் முதற்பணத்தின் பெறுமதியைத்தான் தின்கிறீர்கள். வட்டியை முழுதாக எடுக்காமல் ஒரு பங்கை வைப்போடு சேருங்கள். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் வங்கியில் சுயபிரகடனம் கொடுங்கள், அந்த வரி பிடிபடாது.

மொத்தப் பணத்தையும் ஒரே நீண்ட காலத்துக்குப் போடாதீர்கள். கொஞ்சம் மூன்று மாதத்துக்கு, கொஞ்சம் ஒரு வருடத்துக்கு, மீதியை அதற்கு மேல் என்று பிரியுங்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. கையில் முதிர்ந்த வைப்பு இருந்தவர்களால்தான் புதிய வட்டிக்கு மாற முடிந்தது.

அப்புறம், அதிக வட்டி என்று யார் கூப்பிட்டாலும், முதலில் மத்திய வங்கியின் அனுமதிபெற்ற நிறுவனப் பட்டியலைப் பாருங்கள். வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான். அதற்கு மேல் இருந்தால் இரண்டாவது வங்கியிலும் ஒரு கணக்குத் திறவுங்கள்.