மெக்காலே அன்றைக்கு எங்கே இருந்தார்?

அன்புள்ள ஐயா,

திண்டுக்கல் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா ஒரு படம் அனுப்பினார். 1835 பிப்ரவரி 2 அன்று மெக்காலே பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் பேசியதாம். ‘இந்தியாவின் குறுக்கும் நெடுக்குமாகப் பயணம் செய்தேன், ஒரு பிச்சைக்காரனையோ திருடனையோ பார்க்கவில்லை, இந்த நாட்டின் முதுகெலும்பான ஆன்மிகப் பண்பாட்டு மரபை முறிக்காமல் இதை நாம் வெல்லவே முடியாது’ என்று போகிறது. கல்லூரியில் படிக்கும் என் மகள் “இது போலி, தாத்தா” என்று பதில் போட்டுவிட்டாள். “அவன் சொன்னானோ இல்லையோ, செய்தது அதைத்தானே?” என்று கேட்டவர், அதற்கப்புறம் குழுவிலேயே பேசவில்லை. எனக்கு இரண்டு பேருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. பேச்சுப்போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு, ‘நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்’ என்ற வால்டேரின் வரியை வருடா வருடம் எழுதிக் கொடுக்கிறேன். அதுவும் வால்டேர் சொன்னதில்லை என்கிறாள் மகள். என்னைப் போன்றவர்கள் இதையெல்லாம் எப்படிச் சரிபார்ப்பது?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டிலும் உங்கள் மகள் சொன்னதுதான் சரி. ஆனால் சித்தப்பாவின் கேள்வியை அப்படியே தள்ளிவிட முடியாது. இந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டதே அந்தக் கேள்விதான்.

பதினைந்து வருடங்களுக்கு முன்னால் ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் இதே வரிகளை நானும் மேடையில் முழங்கியிருக்கிறேன். நல்ல கைதட்டல். விழா முடிந்ததும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் வந்து, “தம்பி, 1835 பிப்ரவரியில் மெக்காலே எங்கே இருந்தார்?” என்று மட்டும் கேட்டார். குரலில் குற்றம் சாட்டும் தொனியே இல்லை. லண்டனில்தானே என்றேன். “பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்” என்று போய்விட்டார். அன்றிரவு தேட ஆரம்பித்தேன்.

மெக்காலே 1834 ஜூன் 10 அன்று நம் சென்னையில்தான் கப்பலிலிருந்து இறங்கினார். கவர்னர் ஜெனரலின் ஆலோசனைக் குழுவில் சட்ட உறுப்பினர் பதவி. கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் அப்போது ஊட்டியில் தங்கியிருந்ததால், மெக்காலே பல்லக்கில் ஏறி ஆற்காடு, பெங்களூர், மைசூர் வழியாக நீலகிரி போய்ச் சேர்ந்தார். அந்தக் கோடையை அங்கேயே கழித்துவிட்டு, செப்டம்பர் கடைசியில் கல்கத்தா போனார். 1838 வரை அவர் இங்கிலாந்து திரும்பவில்லை. அதாவது, பாராளுமன்றத்தில் பேசியதாகச் சொல்லப்படும் நாளில் அவர் கல்கத்தாவில் இருந்தார். பாராளுமன்ற உறுப்பினர் பதவியையும் கப்பல் ஏறுவதற்கு முன்பே விட்டுவிட்டார். குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய பயணம் என்று பார்த்தால், அதுவரை அவர் போனது ஊட்டிப் பாதையும் கல்கத்தாவுக்குக் கடல்வழியும்தான். இந்தியாவுக்கு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.

ஆனால் அந்தத் தேதி பொய்யில்லை. என்னை ஏமாற்றியது அதுதான். 1835 பிப்ரவரி 2 அன்று மெக்காலே கல்கத்தாவில் தன் புகழ்பெற்ற கல்விக் குறிப்பில் கையெழுத்திட்டார். 1813 சாசனச் சட்டம் கல்விக்காக ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஒதுக்கச் சொல்லியிருந்தது. அதைச் சமஸ்கிருத, அரபுக் கல்விக்குச் செலவிடுவதா, ஆங்கிலக் கல்விக்கா என்று கம்பெனி அதிகாரிகளுக்குள் பெரிய சண்டை. அந்தச் சண்டையில் ஆங்கிலத்தின் பக்கம் நின்று எழுதப்பட்ட ஆவணம் அது. மார்ச் 7 அன்று பெண்டிங்க் அதற்குச் சாதகமாக முடிவெடுத்தார். வேறொரு உண்மையான தாளின் தேதியை உரித்து யாரோ இந்தப் பொய்யின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். தேதியை மட்டும் சரிபார்ப்பவர், ‘ஆமாம், அன்றைக்கு மெக்காலே ஏதோ எழுதியிருக்கிறாரே’ என்று நம்பிவிடுவார்.

நிதானமாக வாசித்தால் அந்த வரிகளே தங்களைக் காட்டிக்கொடுக்கும். ‘இந்த நாட்டை நாம் வெல்லவே முடியாது’ என்று 1835இல் எந்த ஆங்கிலேயர் சொல்வார்? கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799. அதே ஆண்டு திப்பு வீழ்ந்தார். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டது 1801. மராத்தியர்கள் 1818இல் தோற்றார்கள். எல்லாம் முடிந்து, வென்ற நாட்டுக்குச் சட்டம் எழுதத்தான் மெக்காலேயை அனுப்பினார்கள். பிற்பாடு இந்தியத் தண்டனைச் சட்டமான நூலின் வரைவு அவருடைய தலைமையில்தான் 1837இல் தயாரானது. அதில் திருட்டுக்கென்றே ஓர் அத்தியாயப் பகுதி இருக்கிறது. திருடனே இல்லாத நாட்டுக்கு அதை எழுத வேண்டிய தேவை அவருக்கு இருந்திருக்காது.

சரி, சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். சொல்லாவிட்டால் என்ன, செய்தது அதைத்தானே?

அசல் குறிப்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். தனக்குச் சமஸ்கிருதமும் தெரியாது, அரபும் தெரியாது என்று அவரே எழுதுகிறார். எழுதிவிட்டு, நல்ல ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒரே ஓர் அலமாரித் தட்டு, இந்தியா, அரேபியா இரண்டின் மொத்த இலக்கியத்துக்கும் ஈடு என்று தீர்ப்புச் சொல்கிறார். பிராந்திய மொழிகளில் இலக்கியமோ அறிவியலோ எதுவும் இல்லை என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை என்கிறார். அவர் குறிப்பிடுவது வங்காளப் பகுதியை.

இப்போது போலியை அசலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போலியில் மெக்காலே நம்மைக் கண்டு வியக்கிறார். எவ்வளவு செல்வம், எவ்வளவு உயர்ந்த ஒழுக்கம் என்று மலைக்கிறார், பயப்படுகிறார். அசலில் அவருக்கு நம்மிடம் மலைக்க எதுவுமே இல்லை. படிக்காமலேயே ஒதுக்கிவிடும் அலட்சியம்தான் இருக்கிறது. எதிரியின் வாயாலேயே நம்மைப் புகழ வைப்பதால்தான் போலி இவ்வளவு வேகமாகப் பரவுகிறது. அன்றைக்குப் பள்ளி மேடையில் நான் வாங்கிய கைதட்டலும் அந்தப் புகழ்ச்சிக்குக் கிடைத்ததுதான். நமக்கு நடந்த அவமதிப்பு எழுத்தில், கையெழுத்தோடு, பத்திரமாக இருக்கிறது. அதை விட்டுவிட்டு, இல்லாத ஒரு பாராட்டைப் பரப்பிக்கொண்டிருக்கிறோம். இதனால் மெக்காலேக்கு லாபம், நமக்கு நஷ்டம். நாளைக்கு யாராவது அசலை எடுத்துக் காட்டினாலும், ‘அதுவும் வாட்ஸப் சமாச்சாரமாக இருக்கும்’ என்று கடந்துபோய்விடுவார்கள்.

அதைவிட எனக்கு வலிக்கிற விஷயம் இன்னொன்று இருக்கிறது. ‘ஒரு பிச்சைக்காரனைக்கூடப் பார்க்கவில்லை’ என்ற வரியை இன்று என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. மெக்காலே சென்னையில் இறங்குவதற்குச் சற்று முன்னால்தான், 1832-33இல், அதே சென்னை மாகாணத்துக் குண்டூர்ப் பகுதியைப் பஞ்சம் சூறையாடியது. கூட்டம் கூட்டமாக மக்கள் செத்தார்கள். நம் பக்கத்திலோ நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட பண்ணையடிமைகள் இருந்தார்கள். இந்தியாவில் அடிமைமுறைக்கான சட்ட அங்கீகாரம் நீக்கப்பட்டதே 1843இல்தான். அந்த ஒரு பொய்வரி இத்தனை பேரையும் ஆள் அடையாளம் இல்லாமல் அழித்துவிடுகிறது. தலித் சிந்தனையாளர் சந்திர பான் பிரசாத் மெக்காலேயின் பிறந்தநாளான அக்டோபர் 25ஐக் கொண்டாடுவதை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். பழைய கல்வி எங்களுக்குக் கதவையே திறக்கவில்லை, ஆங்கிலம் திறந்தது என்பது அவர் வாதம். அதை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அது உண்மையான மெக்காலேயோடு நடக்கும் வழக்கு. போலியை வைத்துக்கொண்டு அந்த வழக்குக்குள் நுழையவே முடியாது.

சித்தப்பாவின் ஆதங்கத்துக்கு உண்மையான ஆதாரம் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது, நம் மாகாணத்திலேயே. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் எல்லா மாவட்டக் கலெக்டர்களிடமும் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். 1826இல் அவர் தொகுத்தபோது மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால், பள்ளிக் கல்வி பெறும் ஆண்களின் பங்கு நான்கில் ஒன்றைவிட மூன்றில் ஒன்றுக்கே நெருக்கமாக இருக்கும் என்று கணித்தார். பெண்களின் எண்ணிக்கை மிகவும் குறைவு. பிற்காலத்தில் தரம்பால் இந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்டார். எந்தச் சாதிப் பிள்ளைகள் எத்தனை பேர் படித்தார்கள் என்பதுவரை அதில் இருக்கிறது. நமக்குப் பெருமை தரும் எண்களும் உண்டு, தலைகுனிய வைக்கும் எண்களும் உண்டு. திண்ணைப் பள்ளிகளைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

அப்புறம் வால்டேர். இங்கே விஷயம் வேறு மாதிரி. அந்த வரியை எழுதியவர் எவலின் பீட்ரிஸ் ஹால் என்ற ஆங்கிலப் பெண்மணி. எஸ்.ஜி. டாலன்டைர் என்ற புனைபெயரில் வால்டேரின் நண்பர்களைப் பற்றி 1906இல் ஒரு நூல் வெளியிட்டார். எல்வேசியுஸ் என்பவரின் புத்தகத்தை 1758க்குப் பிறகு பாரிஸில் கண்டித்து எரித்தார்கள். வால்டேருக்கு அந்தப் புத்தகம் பிடிக்கவில்லை, ஆனால் அதை எரித்ததும் பிடிக்கவில்லை. அவருடைய அப்போதைய மனநிலை இப்படித்தான் இருந்தது என்று விளக்குவதற்காக ஹால் எழுதிய சொந்த வாக்கியம் அது. அதை மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டதால் எல்லோரும் வால்டேர் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார்கள். அது தன் வாக்கியம்தான் என்று அவரே பின்னால் கடிதத்தில் தெளிவுபடுத்தினார். அதற்குள் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

அதனால் அந்த வரியை நீங்கள் கைவிட வேண்டாம். பிள்ளைகளுக்குத் தொடர்ந்து எழுதிக் கொடுங்கள். பெயரை மட்டும் மாற்றிக் கொடுங்கள்: ‘வால்டேரின் எண்ணத்தைப் பற்றி எவலின் ஹால் எழுதியது.’ கருத்துரிமையைப் பற்றி உலகம் அதிகம் சொல்லும் வாக்கியத்தை ஒரு பெண் எழுதினார் என்று உங்கள் மாணவிகள் மேடையில் சொல்லட்டும். நூறு வருடங்களுக்கு மேலாக அவருக்குக் கிடைக்காமல்போன பெயர் அது.

சரிபார்ப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். எனக்குக் கைகொடுத்தது அந்த வரலாற்று ஆசிரியரின் கேள்விதான்: எங்கே, எப்போது, யாரிடம்? இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லாமல் ஒரு பெயரும் ஒரு புகைப்படமும் மட்டும் இருந்தால், நான் பகிர்வதில்லை. மூன்றும் இருந்தால் அந்த இடத்துக்கே போய்ப் பார்க்கலாம். பிரிட்டிஷ் பாராளுமன்ற விவாதங்கள் 1803 முதல் இணையத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன. நம் அரசியல் நிர்ணய சபை விவாதங்களும் முழுமையாக இருக்கின்றன. காந்தியின் எழுத்துகள் நூறு தொகுதிகள், அவற்றையும் இணையத்திலேயே பார்க்கலாம். தமிழ்த் தலைவர்கள் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் இருக்கின்றன. சென்னைப் பக்கம் போனால் ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்கலாம். தமிழில் வந்த வெளிநாட்டு மேற்கோளை அப்படியே தேடினால் எதுவும் அகப்படாது. அதில் வித்தியாசமாக இருக்கும் நான்கைந்து சொற்களை ஆங்கிலத்தில் ஊகித்து, மேற்கோள் குறிக்குள் போட்டு, பழைய புத்தகங்களில் தேட வேண்டும். சொன்னதாகக் கூறப்படும் ஆண்டுக்கும் அது முதலில் அச்சில் தெரியும் ஆண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

சில சமயம் முழுப் பொய்யாகவும் இருக்காது, சுருங்கிப்போயிருக்கும். காந்தியை சர்ச்சில் ‘அரை நிர்வாணப் பக்கிரி’ என்றார் என்று சொல்கிறோம். 1931 பிப்ரவரியில் அவர் பேசியதில், பக்கிரி வேடம் போடும் வக்கீல், வைஸ்ராய் மாளிகைப் படிகளில் அரை நிர்வாணமாக ஏறிப்போகிறார் என்ற நீண்ட வசவு இருக்கிறது. மூன்று சொற்களாக்கியது பிறகு வந்தவர்கள். இதைப் பெரிய குற்றமாக நான் நினைக்கவில்லை, வசவின் பொருள் மாறவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ‘போலி’ என்று குழுவில் எல்லோர் முன்னாலும் சொன்னதுதான் சித்தப்பாவைக் காயப்படுத்தியிருக்கும். அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். மெக்காலே உண்மையிலேயே எழுதிய பத்தி ஒன்றைக் கீழே தமிழில் தருகிறேன், அதை மகளையே அவருக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இதன் நடுவிலிருக்கும் வாக்கியத்தை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம், முன்னும் பின்னும் இருப்பதை யாரும் அனுப்புவதில்லை. அதைக் கேட்டபிறகும் சித்தப்பா கோபப்பட்டால், அந்தக் கோபத்தில் நானும் அவரோடு இருக்கிறேன்.

“நம் கைவசமுள்ள சொற்ப வசதியைக் கொண்டு இந்த மக்கள் எல்லோருக்கும் கல்வி கொடுக்க முயல்வது நம்மால் ஆகாத காரியம். நமக்கும் நாம் ஆளும் லட்சோபலட்சம் பேருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர்களாக இருக்கத்தக்க ஒரு வகுப்பை உருவாக்க இப்போதைக்கு நம்மால் இயன்றதைச் செய்ய வேண்டும். இரத்தத்திலும் நிறத்திலும் இந்தியர்களாகவும், ரசனையிலும் கருத்திலும் ஒழுக்கத்திலும் அறிவிலும் ஆங்கிலேயர்களாகவும் உள்ள ஒரு வகுப்பு. இந்நாட்டு மொழிகளைச் செப்பனிடுவதையும், மேற்கத்திய அறிவியல் சொற்களைக் கொண்டு அவற்றை வளப்படுத்துவதையும், பெருந்திரளான மக்களுக்கு அறிவைக் கொண்டுசேர்க்கும் தகுதியைப் படிப்படியாக அவற்றுக்கு உண்டாக்குவதையும் அந்த வகுப்பிடமே நாம் விட்டுவிடலாம்.”

அன்புடன்.