ரேடியோ வாங்கப் போகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

சென்ற முறை மின்விசிறிகளைப் பற்றி எழுதியபோது, பழைய ரேடியோ ஒன்றைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே ஒரு முழுப் பகுதிக்குப் போதும். சுருக்கித் தந்திருக்கிறேன்.

திண்டுக்கல் வாசகர்: அம்மாவுக்கு ரேடியோ வாங்கக் கடைக்குப் போனேன். "இந்தக் காலத்தில் யார் ரேடியோ கேட்கிறார்கள்?" என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் ப்ளூடூத் ஸ்பீக்கர்களை எடுத்து அடுக்கினார். உண்மையிலேயே யாரும் கேட்பதில்லையா? வாங்கினால் வீண் செலவா?

கேட்கிறார்கள். தையல் கடையில் மிஷின் ஓடும்போது ரேடியோவும் ஓடுகிறது. லாரியில், டீக்கடையில், இரவுக் காவலாளியின் நாற்காலிக்குக் கீழே என்று அது ஓடாத இடமில்லை. இரண்டு கையும் வேலையில் இருப்பவருக்கு ஒவ்வொரு பாட்டாகத் தேடிப் போட நேரம் ஏது? பாம்பனில் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை 90.4 என்ற சமுதாய வானொலி இருக்கிறது. தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்க இந்தியாவில் அனுமதி கிடையாது. ஆகவே காலையில் மாநிலச் செய்தியும் தேசியச் செய்தியும் தமிழில் ரேடியோவில் வேண்டுமென்றால் ஆகாசவாணிதான்.

முன்பு கேட்ட அளவுக்கு இப்போது கேட்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பெருங்கூட்டம் கைப்பேசிக்குப் போய்விட்டது. ஆனால் மிச்சம் இருப்பவர்களுக்கு ஒழுங்கான ஒரு பெட்டியை எடுத்துக் காட்டி விற்க ஆளில்லை. "யாரும் கேட்பதில்லை" என்று சொல்லும் கடையில்தான் மட்டமான சரக்கு இருக்கிறது. கேட்பவர் வயதானவராக இருந்தால் இன்னும் மட்டமானதை எடுத்துக் கொடுக்கிறார்கள். இதை இந்தப் பகுதியில் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன்.

உங்கள் அம்மாவுக்கு ஏ.எம்., எஃப்.எம். இரண்டும் உள்ள, திருகிப் பிடிக்கும் குமிழ் உள்ள பெட்டி போதும். மதுரை நிலையம் ஏ.எம்.மில் 1269. கொடைக்கானல் பண்பலை 100.5 மலை மேலிருந்து வருவதால் உங்கள் பக்கத்தில் தெளிவாகக் கிடைக்கும். கடையிலேயே இரண்டையும் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.

வேளச்சேரி வாசகர்: லண்டனிலிருந்து வந்த நண்பர் தன் டி.ஏ.பி. டிஜிட்டல் ரேடியோவைப் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

வேண்டாம். இந்தியாவில் வானொலி நிலையங்கள் அந்த முறையில் ஒலிபரப்புவதில்லை.

கோவை வாசகி: அப்பாவுக்கு 79 வயது. காலையில் கோவை வானொலி கேட்டால்தான் அவருக்குப் பொழுது விடியும். பழைய பெட்டி பழுதானதும் தனியாகவே கடைக்குப் போய், "கோவை ஸ்டேஷன் எடுக்குமா, ஏ.எம். இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறார். "எல்லாம் இருக்கிறது" என்று சொல்லி 1,450 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் போட்டால் எஃப்.எம். மட்டும்தான் வருகிறது. திருப்பிக் கேட்டால், பில்லில் உள்ள "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற வரியைக் காட்டுகிறார்கள். அப்பா தன்னைத்தானே நொந்துகொள்கிறார்.

அவர் நொந்துகொள்ள வேண்டியதில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறார். கோவை நிலையம் 999 கிலோஹெர்ட்ஸ், மத்திய அலை, அதாவது ஏ.எம். அதை எடுக்காத பெட்டியை எடுக்கும் என்று சொல்லி விற்றது கடைக்காரர் செய்த குற்றம்.

பில்லில் அச்சடித்த அந்த வரியைக் கண்டு பயப்படாதீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளைப் பற்றிப் பொய்யான தகவல் சொல்லி விற்பது முறையற்ற வணிகம். எழுத்தில் சொன்னாலும் வாயால் சொன்னாலும் ஒன்றுதான். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அதே பிரிவில் வருகிறது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லையென்றால், திருப்பிக் கொடுக்க 30 நாள் கணக்கு.

முதலில் கடைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். என்ன கேட்டார், என்ன பதில் சொன்னார்கள், என்ன தந்தார்கள் என்று தேதியோடு எழுதி, பில் நகலை இணைத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 1,450 ரூபாய்க்காகவா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். ஆமாம், 1,450 ரூபாய்க்காகத்தான். பெரும்பாலும் முதல் கடிதத்திலேயே கடைக்காரர் இறங்கி வந்துவிடுவார். வராவிட்டால் எனக்கு எழுதுங்கள்.

மயிலாடுதுறை வாசகர்: அமெரிக்காவில் இருக்கும் மகன் நல்ல விலையில் ஒரு டிஜிட்டல் ரேடியோ வாங்கி வந்தான். இரவில் சென்னை நிலையம் 720 கிடைக்கிறது. பக்கத்தில் இருக்கும் திருச்சி 936 மட்டும் வரவே இல்லை. பழுதா?

பழுது இல்லை. அமெரிக்காவில் மத்திய அலை நிலையங்கள் பத்துப் பத்து கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, நம் நாட்டில் ஒன்பது ஒன்பதாக. உங்கள் பெட்டி 930க்கு அடுத்து 940க்குத் தாவிவிடுகிறது. 936 நடுவில் மாட்டிக்கொள்கிறது. 720 இரண்டு கணக்கிலும் வருவதால் அது மட்டும் கிடைக்கிறது. பெட்டியின் பின்பக்கத்திலோ பேட்டரி மூடிக்கு உள்ளேயோ 9/10 என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சில பெட்டிகளில் அணைத்த நிலையில் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் மாறும், கையேட்டில் போட்டிருக்கும். இரண்டும் இல்லையென்றால் அதில் திருச்சி சரியாக வராது. அதன் அடாப்டர் 110 வோல்ட்டுக்கு மட்டும் செய்ததா என்பதையும் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

சேலம் வாசகர்: ஆன்லைனில் "1000 வாட்ஸ்" என்று போட்ட எஃப்.எம். ஸ்பீக்கர் வாங்கினேன். பக்கத்து அறைக்குக்கூடக் கேட்கவில்லை. 2,200 ரூபாய் போயிற்று. எழுதியிருந்ததை நம்பலாமா கூடாதா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

அட்டைப் பெட்டியை எடுங்கள். "1000" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்தில் எறும்பு அளவில் பி.எம்.பி.ஓ. என்ற நான்கு எழுத்துகள் இருக்கும். உச்ச இசைத்திறன் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். அதை அளப்பதற்கென்று பொதுவான முறை எதுவும் கிடையாது. தயாரிப்பாளர் மனத்துக்குத் தோன்றும் எண்ணை அச்சடிக்கலாம். ஒருவர் 500 போட்டால் அடுத்தவர் 1000 போடுகிறார், அதற்கடுத்தவர் 4000 போடுகிறார். உள்ளே இருப்பது மூவருக்கும் ஒரே சரக்குத்தான்.

இப்போது அதே பெட்டியின் அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். மின்சாரம் செருகும் துளைக்கு அருகில் "5 வோல்ட், 1 ஆம்பியர்" என்று இருக்கும். ஐந்தை ஒன்றால் பெருக்கினால் ஐந்து வாட். உள்ளே போவது ஐந்து வாட் என்றால் ஆயிரம் வாட் தொடர்ந்து எங்கிருந்து வெளியே வரும்? வீட்டில் இஸ்திரிப் பெட்டி இருக்கும், அதில் 1000 வாட் என்று போட்டிருப்பதையும் அதன் கம்பி எவ்வளவு தடிமன் என்பதையும் பாருங்கள். அந்த மின்சாரம் தலைமுடி கனத்தில் இருக்கும் ஸ்பீக்கர் கம்பியில் போனால் கம்பி உருகிவிடும்.

நம்ப வேண்டிய எண் ஆர்.எம்.எஸ். வாட், அதாவது பெட்டி தொடர்ந்து தரக்கூடிய சக்தி. மேசை மேல் வைக்கும் பெட்டிக்கு மூன்று வாட், ஐந்து வாட் ஆர்.எம்.எஸ். இருந்தால் ஒரு கூடத்துக்குத் தாராளம். அந்த எண்ணைப் போடாத பெட்டியை வாங்காதீர்கள். பல ஆண்டுகளாக இதை எழுதிவருகிறேன். அப்போது டேப் ரிக்கார்டரில் போட்டார்கள், இப்போது ப்ளூடூத் பெட்டியில் போடுகிறார்கள். எடைக் கல்லில் கால் கிலோ குறைந்தால் அபராதம் போடும் நாட்டில், 5 வாட்டை 1000 என்று அச்சடிப்பவரை யாரும் கேட்பதில்லையே என்பது என் ஆற்றாமை.

உங்கள் பணத்துக்கு வழி இருக்கிறது. விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற ஆன்லைன் விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரப் பக்கத்தையும் பெட்டியின் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து இணைத்து அனுப்புங்கள்.

தாம்பரம் வாசகர்: பாட்டு கேட்கும் செயலி ஒன்றில் மூன்று மாதம் இலவசம் என்றார்கள். கார்டு எண் கொடுத்தேன். இப்போது எட்டு மாதமாகப் பணம் போகிறது. யாரிடம் புகார் செய்வது?

பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி உங்களுக்குத் தகவல் அனுப்ப வேண்டும், அதிலேயே நிறுத்தும் வழியும் இருக்க வேண்டும். இது ரிசர்வ் வங்கியின் விதி, 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தகவல் வரவில்லையென்றால் வங்கிமீது புகார் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு மாதமும் குறுஞ்செய்தி வந்தது, "பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்" என்று உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எட்டு முறை சொல்லியும் படிக்காதவருக்கு என்னால் பணம் வாங்கித் தர முடியாது. இன்றே நிறுத்துங்கள்.

வேதாரண்யம் வாசகி: கஜா புயலின்போது கரண்டும் இல்லை, கைப்பேசிக் கோபுரமும் இல்லை. எங்கே என்ன நடக்கிறது என்றே தெரியாமல் இருந்தோம். அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒரு ரேடியோ வாங்கி வைக்க நினைக்கிறோம். எப்படிப்பட்டது வாங்குவது?

2018 நவம்பர் 16 அதிகாலையில் உங்கள் ஊர்ப் பக்கம்தான் அது கரையைக் கடந்தது. உங்களைவிட அதிகம் தெரிந்தவர் யாருமில்லை.

மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண பென்சில் பேட்டரி போட்டு ஓடும் பெட்டியாக வாங்குங்கள். சார்ஜ் ஏற்றும் பேட்டரி மட்டும் உள்ள பெட்டி, கரண்ட் வராத நான்காம் நாள் பயன்படாது. ஏ.எம். கட்டாயம் இருக்க வேண்டும். பக்கத்தில் உள்ள எஃப்.எம். கோபுரம் புயலில் விழுந்தாலும் தொலைவிலுள்ள திருச்சி 936 கிடைக்கும். காரைக்கால் பண்பலை 100.3ஐயும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைப் பெட்டிக்குள் போட்டே வைக்காதீர்கள், கசிந்து தகட்டை அரித்துவிடும். கவரில் கட்டிப் பெட்டியோடு சேர்த்து வையுங்கள்.

பேரிடர்க் காலத்துக்காகக் கைப்பேசிகளில் எஃப்.எம். வசதியை முடக்காமல் வைக்கும்படி 2023 ஏப்ரலில் மத்திய அரசு தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. உங்கள் கைப்பேசியில் அது இருந்தால் நல்லது. ஒயர் உள்ள இயர்போனும் வேண்டும், அந்த ஒயர்தான் ஏரியல்.

மதுரை வாசகர்: பழம்பொருள் கடையில் வால்வு ரேடியோ 18,000 ரூபாய் சொல்கிறார்கள். சுவிட்சைப் போட்டதும் கணீரென்று பாடியது. வாங்கலாமா?

போட்டதும் பாடினால் அது வால்வு ரேடியோவே இல்லை. வால்வின் இழை சூடேறச் சில நொடிகளாவது ஆகும், சில பெட்டிகளில் அரை நிமிடம்கூட ஆகும். எனக்கும் இப்படி ஒன்றை விற்றார்கள். தேக்குப் பெட்டி, ஊர்ப் பெயர்கள் எழுதிய கண்ணாடி, உள்ளே மஞ்சள் விளக்கு. பின் அட்டையைக் கழற்றிப் பார்த்தால் தீப்பெட்டி அளவில் ஒரு எஃப்.எம். பலகை ஒட்டியிருந்தது. முள்ளை நகர்த்தும் நூல் எதனோடும் சேராமல் அறுந்து கிடந்தது. பில் தராததால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பின் அட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், "வால்வுகளுடன் இயங்குகிறது" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டார்.

விருதுநகர் வாசகர்: புது ரேடியோவில் ஏ.எம். போட்டால் ஒரே கரகரப்பு. ஏரியலை முழுதாக இழுத்தும் பயனில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். இழுக்கும் ஏரியல் எஃப்.எம்.முக்கும் சிற்றலைக்கும்தான். ஏ.எம்.முக்கு ஏரியல் உள்ளேயே இருக்கிறது, செப்புக் கம்பி சுற்றிய கரிய நிறக் குச்சி. அதற்குத் திசை உண்டு. பெட்டியை மெல்லச் சுற்றித் திருப்பிப் பாருங்கள், ஒரு பக்கத்தில் சத்தம் தெளியும். எல்.ஈ.டி. பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் மூன்றும் ஏ.எம்.முக்கு எதிரி. பேட்டரியில் போட்டு மொட்டை மாடிக்கு எடுத்துப் போங்கள். அங்கே தெளிவாக வந்தால் குறை உங்கள் வீட்டுப் பல்பில் இருக்கிறது. அங்கேயும் கரகரத்தால் கடைக்குப் போங்கள்.

ஈரோடு வாசகர்: ஆன்லைனில் பழைய டிரான்சிஸ்டர் விற்பவர், விலைக்கு மேல் "வானொலி உரிமக் கட்டணம்" என்று 300 ரூபாய் கேட்கிறார். தாத்தா காலத்தில் அஞ்சலகத்தில் கட்டியதாக வீட்டில் சொல்கிறார்கள். கட்ட வேண்டுமா?

தாத்தா கட்டியது உண்மை. அந்த உரிமத்தை 1980களிலேயே எடுத்துவிட்டார்கள். ஒரு பைசா கொடுக்காதீர்கள், அந்த ஆளிடம் ரேடியோவும் வாங்காதீர்கள்.