ஜெர்ரி ரைஸ் சென்ற கல்லூரியும் உங்கள் மகன் தேடும் கல்லூரியும்

அன்புடையீர்,

பதினொன்றாம் வகுப்பில் படித்தபடி பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ரிசீவராக (வீசப்படும் பந்தைப் பிடிப்பவராக) ஆடும் உங்கள் மகனைப் பெரிய பல்கலைக்கழகம் எதுவும் திரும்பிப் பார்க்கவில்லை என்றும், சிறிய பல்கலைக்கழகம் ஒன்று மட்டுமே ஆர்வம் காட்டுவதால் அவன் சோர்ந்திருக்கிறான் என்றும் எழுதியிருந்தீர்கள். அவன் போற்றும் புகழ்பெற்ற ரிசீவர் ஜெர்ரி ரைஸுக்கும் அந்த வயதில் இதே நிலைதான் இருந்தது.

1962இல் பிறந்த ரைஸ், மிசிசிப்பி மாநிலத்தின் கிராஃபோர்டு என்னும் சிற்றூரில் ஒரு கொத்தனாரின் மகனாக வளர்ந்தார். தந்தையின் வேலையிடத்தில் சகோதரர்கள் வீசிய செங்கற்களைப் பிடித்துப் பழகிய கைகள் அவருடையவை. பெரிய கல்லூரிகள் கைவிட்ட நிலையில், கறுப்பின மாணவர்களுக்காக நிறுவப்பட்ட மிசிசிப்பி வேலி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்தார். அங்கே பயிற்சியாளர் ஆர்ச்சி கூலி, பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதைவிட வீசி முன்னேறுவதையே தம் அணியின் முறையாக வைத்திருந்தார். வீசுவதற்கு வில்லி டாட்டன் என்னும் தேர்ந்த குவார்ட்டர்பேக்கும் இருந்தார். 1984ஆம் ஆண்டில் மட்டும் ரைஸ் 27 டச்டவுன்களை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறுதல்) பிடித்தார். புகழ்பெற்ற அணியொன்றில் மூத்த வீரர்களுக்குப் பின்னால் பெஞ்சில் காத்திருந்தால் இது வாய்த்திருக்குமா என்பது ஐயமே.

ஆகவே, அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், அதன் அணி எவ்வளவு பந்து வீசி ஆடுகிறது, உங்கள் மகனின் இடத்தில் ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள், அவன் விரும்பும் பட்டப்படிப்பு அங்கே உண்டா என்பவற்றைப் பயிற்சியாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். அது கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவைச் சேர்ந்ததாயின் விளையாட்டு உதவித்தொகை கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும்.

தொழில்முறைப் போட்டித் தொடரான என்.எஃப்.எல்.லின் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1985இல் வேறு இரண்டு ரிசீவர்கள் எடுக்கப்பட்ட பின்னரே, 16ஆவது இடத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ அணி ரைஸைத் தேர்ந்தெடுத்தது. முதல் பருவத்தில் பந்துகளை நழுவவிட்டு விமர்சனத்துக்கு ஆளானவர், 1987இல் 12 ஆட்டங்களில் 22 டச்டவுன்களைப் பிடித்தார். 20 பருவங்கள் ஆடி, பந்தைப் பிடித்து முன்னேறிய வகையில் 22,895 கெஜங்களும், மூன்று சூப்பர் பௌல் (என்.எஃப்.எல். இறுதிப்போட்டி) வெற்றிகளும் பெற்றார்.

இத்தகைய நீண்ட வாழ்வு விதிவிலக்கு என்பதை மகனிடம் மறைக்காதீர்கள். என்.எஃப்.எல்.லில் 32 அணிகள், ஒவ்வொன்றிலும் 53 இடங்கள் மட்டுமே. டிராஃப்டுக்குத் தகுதிபெறும் கல்லூரி வீரர்களில் நூற்றுக்கு இருவர்கூடத் தேர்வாவதில்லை. பட்டம் இரண்டாவது வழி அன்று, பெரும்பாலோருக்கு அதுவே முதல் வழி. என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில் ஆட, பள்ளியில் 16 கோர் பாடங்கள் (ஆங்கிலம், கணிதம் போன்ற அடிப்படைப் பாடங்கள்) தேவை. அவற்றில் பத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். இப்பருவத்திலேயே பள்ளி ஆலோசகரிடம் மதிப்பெண் பட்டியலைக் காட்டி, எவை விடுபட்டுள்ளன என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். கோடைக்கால வகுப்பில் ஈடுசெய்ய இன்னும் நேரம் இருக்கிறது.