பாட்காஸ்ட்டுக்கு லைசென்ஸ் வேண்டாம், பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும்

கேள்வி: நாங்கள் மூன்று நண்பர்கள், கோவையில் ஐ.டி. வேலையில் இருக்கிறோம். கணினிப் பாதுகாப்பைப் பற்றித் தமிழில் ஒரு பாட்காஸ்ட் தொடங்கப்போகிறோம். ஒரு மீடியா கன்சல்டன்ட், "ஒலிபரப்பு அனுமதி, பிரைவேட் லிமிடெட் பதிவு, டிரேட்மார்க், ஹோஸ்டிங் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய், நீங்கள் வந்து பேசினால் போதும்" என்கிறார். இதெல்லாம் தேவையா? இன்னொன்று: எங்கள் பகுதிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் இணையதளத்தில், முகவரியில் தெரியும் ரசீது எண்ணை மாற்றினால் அடுத்தவருடைய ரசீது பெயர், போன் நம்பரோடு திறக்கிறது. முதல் எபிசோடில் அதைச் சொல்லலாமா? கேஸ் வருமா?

பதில்: அந்த 48,000 ரூபாயை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். பாட்காஸ்ட்டுக்கு ஒலிபரப்பு அனுமதி என்று ஒன்று நம் நாட்டில் கிடையாது. எஃப்.எம். வானொலிக்கும் சமுதாய வானொலிக்கும் மத்திய அரசின் அனுமதி வேண்டும், ஏனென்றால் அவை அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. நீங்கள் ஒலிக்கோப்பை இணையத்தில் ஏற்றுகிறீர்கள், அவ்வளவுதான். 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளில், இணையத்தில் செய்தி வெளியிடுபவர்கள் தங்கள் விவரங்களை அமைச்சகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. விவரம் தெரிவிப்பது வேறு, அனுமதி வாங்குவது வேறு. இந்த விதியைப் பிரின்ட் எடுத்துக் காட்டி லைசென்ஸ் விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

பிரைவேட் லிமிடெட் இப்போது வேண்டவே வேண்டாம். ஒரு ரூபாய் வருமானம் வராவிட்டாலும் கம்பெனி என்றால் ஆடிட்டர் வைத்துத் தணிக்கை செய்ய வேண்டும். வருடா வருடம் நிதிநிலை அறிக்கை, ஆண்டறிக்கை என இரண்டு படிவம் போட வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் அபராதம் ஏறிக்கொண்டே போகும். பதிவு செய்து கொடுக்கும் ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார். அடுத்த செப்டம்பரில் நீங்கள் அவரிடமே திரும்பி வர வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. விளம்பர வருமானம் வந்தால் அப்போது ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

டிரேட்மார்க் உபயோகமான விஷயம்தான், ஆனால் முதல் நாளிலேயே அல்ல. பத்து எபிசோடு தாண்டியும் மூவரும் பேசிக்கொண்டிருந்தால் விண்ணப்பியுங்கள். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் அரசுக் கட்டணம் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு வகைப் பொருளுக்கோ சேவைக்கோ, 4,500 ரூபாய். உங்களுக்கு உரியது 41-ஆம் வகுப்பு. விண்ணப்பதாரர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதைக் கையெழுத்துப் போடும் முன் பாருங்கள். "புராசஸ் சுலபம் சார்" என்று தன் பெயரிலேயே போட்டுக்கொள்கிற கன்சல்டன்ட்டுகள் உண்டு. அப்புறம், பதிவு கிடைக்கும் முன் பெயர் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் போடாதீர்கள், அது குற்றம். டி.எம். என்று போட்டுக்கொள்ளலாம்.

அவருடைய பட்டியலில் கடைசியாக, சின்னதாக இருக்கும் 'ஹோஸ்டிங்' என்ற வார்த்தைதான் உண்மையான பொறி.

பாட்காஸ்ட் எப்படி ஓடுகிறது? ஒலிக்கோப்பு ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். அந்த நிறுவனம் ஆர்.எஸ்.எஸ். ஃபீட் என்று ஒரு முகவரி தரும். ஆப்பிள், ஸ்பாட்டிஃபை எல்லாம் அந்த முகவரியைப் போய்ப் பார்த்துத்தான் புது எபிசோடைக் காட்டுகின்றன. கேட்பவர் 'ஃபாலோ' அழுத்தும்போது உண்மையில் அந்த முகவரியோடுதான் இணைகிறார். ஆக, ஹோஸ்டிங் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறதோ, பாட்காஸ்ட் நடைமுறையில் அவருடையது. ஸ்பாட்டிஃபையில் 'இது என் நிகழ்ச்சி' என்று நிரூபிக்க வேண்டுமென்றாலும், சரிபார்ப்புக் குறியீடு ஃபீடில் பதிந்துள்ள மின்னஞ்சலுக்குத்தான் போகும். ஏஜென்ட்டின் மெயிலில் எல்லாம் இருந்தால், வீடு கட்டியது நீங்கள், பட்டா அவர் பெயரில் என்ற கதை. வேறு ஹோஸ்டிங்குக்கு மாறவும் பழைய முகவரியிலிருந்து புது முகவரிக்கு நிரந்தரத் திருப்பம் வைக்க வேண்டும், அதைப் பழைய கணக்கில் நுழைந்துதான் செய்ய முடியும். அவர் செய்ய மறுத்தால் கேட்பவர்களை ஒவ்வொருவராக மறுபடி தேடிப் பிடிக்க வேண்டியதுதான்.

என்னிடம் வந்த ஒரு இளைஞர் குழுவுக்கு இதுதான் நடந்தது. அவர்கள் பேசியது சமையல். இரண்டு ஆண்டு உழைப்பு. கன்சல்டன்ட்டோடு பணத் தகராறு வந்ததும் பாஸ்வேர்டு மாறிவிட்டது. பதிப்புரிமை இவர்கள் பக்கம்தான். முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்து ஒலிப்பதிவைத் தயாரித்தவரே உரிமையாளர் என்கிறது சட்டம். எழுத்தில் எழுதிக் கொடுக்காமல் அந்த உரிமை கைமாறாது. ஆனால் அதைச் சொல்லி ஒரு தடையாணை வாங்குவதற்குள் வாய்தா மேல் வாய்தா. கேட்பவர்கள் வாய்தாவுக்காகக் காத்திருப்பார்களா?

அதனால் பாட்காஸ்ட்டுக்கென்று தனி மின்னஞ்சல் ஒன்று தொடங்குங்கள். ஹோஸ்டிங், டொமைன், ஆப்பிள், ஸ்பாட்டிஃபை எல்லாம் அதில் இருக்கட்டும். இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம், மீட்புக் குறியீடுகள் மூவரிடமும் இருக்க வேண்டும். கணினிப் பாதுகாப்பு பேசுகிறவர்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஆனால் நண்பர்கள் என்று வந்துவிட்டால் பாஸ்வேர்டு வாட்ஸ்ஆப் குரூப்பில்தான் கிடக்கிறது.

மைக், எடிட்டிங் எல்லாம் உங்களுக்கே தெரியும். ஒவ்வொருவர் குரலையும் தனித்தனித் தடமாகப் பதியுங்கள், அது போதும்.

48,000 ரூபாய்க்குப் பதில் உங்களுக்குத் தேவை ஒரு பக்கக் காகிதம். யாராவது ஒருவர் விலகினால் பெயர் யாரிடம் இருக்கும், பழைய எபிசோடுகள் அப்படியே இருக்குமா, விலகியவர் தன் குரலை எடுக்கச் சொல்ல முடியுமா, வருமானம் எப்படிப் பிரியும், மூவரில் இருவர் சொன்னால் முடிவா. இவ்வளவுதான். தமிழிலேயே எழுதி, தேதி போட்டு, மூவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். லாபத்தைப் பங்கிடுவதாக ஒப்புக்கொண்டு சேர்ந்து தொழில் செய்தால், காகிதம் இல்லாவிட்டாலும் 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி நீங்கள் கூட்டாளிகள் ஆகிவிடலாம். தொழிலுக்காக ஒருவர் வைக்கும் கடன் மற்ற இருவர் தலையிலும் விழும். "நண்பர்களுக்குள் எதற்கு சார் எழுத்து" என்பவர்கள்தான் பிறகு என் அலுவலகத்தில் எதிரெதிர் நாற்காலியில் உட்காருகிறார்கள்.

சரி, கூட்டுறவுச் சங்கத்துக்கு வருவோம். பேசுவதால் கேஸ் வருவதைவிடத் தொட்டதால் கேஸ் வருவதுதான் அதிகம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கணினிக்குள் நுழைவதையும் தகவலை எடுப்பதையும் தவறு என்கிறது. நுழைய இன்னொருவருக்கு உதவுவதும் அதே பிரிவில் வருகிறது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவு: மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு ஓட்டையைத் தேடியவருக்கு விலக்கு என்று ஒரு வரிகூட அந்தச் சட்டத்தில் இல்லை. 2000-த்தில் வந்த சட்டம், 2008-ல் பெரிதாகத் திருத்தினார்கள், இதை மட்டும் யாரும் எழுதவில்லை. உங்கள் நோக்கம் கெட்டதல்ல என்று நீங்கள் வாதாடலாம், ஜெயிக்கவும் செய்யலாம். அதுவரை உங்கள் லேப்டாப் காவல் நிலைய அலமாரியில் இருக்கும்.

மிகையாகச் சொல்லவில்லை. 2018 ஜனவரியில், 500 ரூபாய் கொடுத்தால் ஆதார் விவரங்களைப் பார்க்க முடிகிறது என்று ட்ரிப்யூன் நாளிதழ் எழுதியது. செய்தியாளரே பணம் கட்டி நுழைந்து பார்த்திருந்தார். ஆதார் ஆணையத்தின் புகாரில் டெல்லி போலீஸ் பதிந்த எஃப்.ஐ.ஆரில் அவர் பெயரும் இருந்தது. ஒரு பெரிய பத்திரிகையும் நாடு தழுவிய கண்டனமும் அவர் பின்னால் நின்றன. உங்கள் பின்னால் யார் நிற்பார்கள்?

ஆகவே இனி ஒரு ரசீதைக்கூடத் திறக்காதீர்கள். எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளை யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்கள் சொந்த ரசீது எண்ணை மட்டும் வைத்துப் பிரச்சினையை விளக்கி, சங்கச் செயலாளருக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அவர் "இணையதளம் செய்து கொடுத்த வெண்டரைக் கேளுங்கள்" என்பார், வெண்டர் "சங்கத்தைக் கேளுங்கள்" என்பார். அதனால் அதே நாளில் செர்ட்-இன் அமைப்புக்கும் தெரிவியுங்கள். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் 2004 முதல் இயங்கும் இந்த அமைப்பு, இத்தகைய ஓட்டைகளைப் பற்றிய தகவலை வாங்கி உரியவரிடம் பேசுகிறது. 1930-ஐ அழைக்காதீர்கள், அது பணம் பறிபோனவர்களுக்கான எண். ஓட்டை அடைபட்டதும், சங்கத்தின் பெயர் சொல்லாமல், 'முகவரியில் எண்ணை மாற்றினால் அடுத்தவர் ரசீது' என்ற வகையை முதல் எபிசோடில் தாராளமாகப் பேசுங்கள். அடைபடும் முன் பெயரோடு சொன்னால், கேட்கிற ஆயிரம் பேரில் பத்துப் பேர் அன்றிரவே முயற்சி செய்வார்கள். அவர்களுக்கு உதவி செய்ததாக உங்களைத்தான் காட்டுவார்கள்.

அப்படியானால் எதையுமே சோதித்துப் பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். உங்களுக்குச் சொந்தமானதைச் சோதிக்கலாம். ஆனால் 'சொந்தம்' எதுவரை என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். காசு கொடுத்துக் கடையில் வாங்கிய ரவுட்டர் உங்களுடையது. உங்கள் மேசையில் வைத்துக் குடைந்து பார்க்கலாம், கண்டதைத் தயாரிப்பாளருக்குச் சொல்லிவிட்டு எபிசோடும் போடலாம். பிராட்பேண்ட் நிறுவனம் இணைப்போடு பொருத்திவிட்டுப் போன ரவுட்டர் பெரும்பாலும் அவர்களுடையது, ஒப்பந்தத்தைப் பாருங்கள். நீங்கள் வாங்கிய கேமராவே என்றாலும், அது பேசுகிற கிளவுட் சர்வர் உங்களுடையது அல்ல. போனில் இருக்கிற வங்கிச் செயலியைப் பிரித்துப் பார்ப்பது ஒன்று, அது போய்த் தொடுகிற வங்கி சர்வரைத் தட்டிப் பார்ப்பது வேறொன்று. கம்பியோ வைஃபையோ உங்கள் வீட்டைத் தாண்டி வெளியே போகிற இடத்தில் உங்கள் உரிமை முடிகிறது. கூகுள் போன்ற நிறுவனங்கள் பக் பவுண்டி, அதாவது ஓட்டையைக் கண்டு சொன்னால் பரிசு, என்று அனுமதி கொடுத்திருந்தால், அந்த எல்லைக்குள் மட்டும் செய்யலாம்.

பவுண்டி அறிவிக்காத இடத்தில் நீங்களாகக் காசு கேட்காதீர்கள். "ஐம்பதாயிரம் கொடுத்தால் ஓட்டையைச் சொல்கிறோம், இல்லாவிட்டால் எபிசோடு வரும்" என்று ஒரு மெயில் போதும், மிரட்டிப் பணம் பறித்தல் என்ற பிரிவு வந்து உட்கார்ந்துவிடும். நான் பார்த்த பசங்கள் பாதிப் பேர் மாட்டியது இங்கேதான்.

பேச விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. பொதுவெளியில் பதிவானதை எடுத்துக்கொள்ளுங்கள். கூடங்குளத்தையே பாருங்கள். தங்கள் கணினிகளில் சைபர் தாக்குதல் என்ற செய்தியை 2019 அக்டோபர் 29 அன்று அணுமின் நிலையம் மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், தீநிரல் (மால்வேர்) புகுந்தது உண்மை என்றது. நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த கணினியில்தான் புகுந்தது, கட்டுப்பாட்டு அமைப்பில் இல்லை என்று விளக்கியது. செப்டம்பர் 4 அன்றே செர்ட்-இன் அதைச் சொல்லியிருந்தது. இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் படித்தாலே ஒரு மணி நேர எபிசோடு. அறிக்கையில் இருப்பதைச் சொல்லுங்கள், உங்கள் ஊகத்தை ஊகம் என்று சொல்லுங்கள். கிரிமினல் அவதூறு வழக்கில் உண்மை மட்டும் போதாது, பொதுநலனும் காட்ட வேண்டும். எனவே தனி ஊழியர் பெயரை இழுக்காதீர்கள்.

மூவரில் எவராவது வங்கிகளை வாடிக்கையாளராகக் கொண்ட நிறுவனத்தில் இருந்தால், ஆஃபர் லெட்டரை எடுத்துப் படியுங்கள். வெளிவேலைக்கு முன் அனுமதி என்ற வரி அநேகமாக இருக்கும். ஊதியம் இல்லாத நிகழ்ச்சி, அலுவலகத் தகவல் பேசப்படாது என்று எச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டுப் பதில் வாங்கி வையுங்கள். அலுவலக லேப்டாப்பில் எடிட்டிங் செய்யாதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒருநாள் வக்கீல் நோட்டீஸ் வரலாம். அந்த எபிசோடை அவசரப்பட்டு நீக்காதீர்கள், அதைப் பற்றி அடுத்த எபிசோடில் கேலியும் பேசாதீர்கள். நோட்டீஸில் 66ஏ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சிலேயே ரத்து செய்துவிட்டது. அதன் பிறகும் போலீஸ் கேஸ் போட்டுக்கொண்டே இருந்ததால், இனி யார் மீதும் போடக் கூடாது என்று 2022-ல் மறுபடி உத்தரவிட வேண்டியதாயிற்று. இன்னும் பழைய மாதிரிப் படிவத்தை நகலெடுத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். 43, 66 என்று இருந்தால் செயலாளர் கொடுத்த ஒப்புகையையும் செர்ட்-இன் பதிலையும் எடுத்துக்கொண்டு, நோட்டீஸில் சொன்ன கெடு முடியும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். 48,000 கேட்ட கன்சல்டன்ட், "எனக்குத் தெரிந்த ஆள் ஸ்டேஷனில் இருக்கிறார்" என்பார். அவரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.