மறந்துடப்போறாருன்னு மாமாவ ரூம்லயே விட்டுடலாமா?

கேள்வி: மாமனாருக்கு வயசு 74, ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். அல்சைமர்ங்கற மறதி நோய்னு சொல்லி ரெண்டு வருஷமாச்சு. கேட்டதையே கேட்கறாருன்னு விசேஷத்துக்குக் கூட்டிட்டுப் போறத நிறுத்திட்டோம், வீட்டுக்கு வர்றவங்களும் குறைஞ்சிட்டாங்க. இப்ப ஆறு மாசமா பேச்சே இல்ல, பகலெல்லாம் தூக்கம், ராத்திரி கதவத் தட்டறாரு. நோய் முத்திடுச்சா, தனியா இருக்கறதாலயா?

பதில்: ரெண்டும் இருக்கலாம்மா, ஆனா நீங்க சொல்றதுல தனிமையோட பங்கு நல்லாவே தெரியுது. நமக்கு போரடிச்சா யாருக்காவது போன் போடுவோம், டீக்கடைக்குப் போவோம், அவரால அத ஆரம்பிக்க முடியாது, யாராவது போய் உட்கார்ந்தாத்தான் உண்டு. வெயில் கண்ணுல படாம, ஆள் நடமாட்டம் இல்லாம கட்டில்லயே கிடந்தா காலையா சாயங்காலமான்னு உடம்புக்கே தெரியாம போய், பகல்ல தூங்கித் தீர்த்துட்டு ராத்திரி டிப்போவுக்குக் கிளம்புவாரு. மனச்சோர்வும் சேர்ந்துக்கும், அது பார்க்க மறதி நோய் முத்தின மாதிரியே இருக்கும், ஆனா அதுக்கு வைத்தியம் உண்டு, டாக்டர்கிட்ட கேளுங்க. காதையும் காட்டிடுங்க, அழுக்கு அடைச்சிருந்தாக்கூட பேச்சு நின்னுபோகும். (ஒருவேளை ரெண்டு மூணு நாள்லயே திடீர்னு மாறியிருந்தா அது தனிமை இல்ல, யூரின் இன்ஃபெக்‌ஷனோ புது மாத்திரையோ காரணமா இருக்கலாம், அன்னிக்கே கூட்டிட்டுப் போயிடணும்.)

"வந்துட்டுப் போனதே ஞாபகம் இருக்காதே, எதுக்கு வரணும்"னு சொந்தக்காரங்க கேப்பாங்க. அமெரிக்காவுல அயோவா பல்கலைக்கழகத்துல அல்சைமர் உள்ளவங்களுக்கு சோகமான, சந்தோஷமான படத்துண்டுகளக் காட்டிப் பார்த்தாங்க, 2014-ல வெளிவந்த ஆய்வு. கொஞ்ச நேரத்துல படம் மறந்துபோச்சு, அந்த உணர்வு மட்டும் போகல. உங்க மாமாவுக்கும் யார் வந்தாங்கன்னு மறக்கலாம், வந்த சந்தோஷம் கொஞ்ச நேரம் இருக்கும்.

வர்றவங்க ஒருத்தர் ரெண்டு பேரா வரட்டும், இருபது நிமிஷம் போதும். "நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்"னு பரீட்சை வைக்கிறது மட்டும் வேண்டவே வேண்டாம், எனக்குக் கோவம் வர்ற ஒரே விஷயம் அது, அவங்களே பேரச் சொல்லிட்டு உட்காரட்டும். டிவிய போட்டு விடறது துணை ஆகாது. என்கிட்ட வர்ற ஒரு டெய்லர் தாத்தாவுக்கு பேத்தி பேரே வராது, ஆனா யார் சட்டையில பட்டன் தொங்கினாலும் கை தானா அங்க போயிடும். உங்க மாமாகிட்ட சில்லறைய கொட்டி ஒரு ரூபா, ரெண்டு ரூபான்னு பிரிக்கச் சொல்லிட்டு, பக்கத்துல உட்கார்ந்து ரூட்டு பேர்களக் கேளுங்களேன்.

விசேஷத்துக்கும் கூட்டிட்டுப் போங்க. ரிசப்ஷன் வேண்டாம், அந்த ஸ்பீக்கர் சத்தம் நமக்கே தாங்காது. காலையில முகூர்த்தத்துக்குப் போய் ஓரமா ஒரு சேர், முதல் பந்தியிலயே சாப்பாடு, ஒரு மணி நேரத்துல கிளம்பிடுங்க. கல்யாண வீட்டுல முன்னாடியே விஷயத்த சொல்லி வச்சிடுங்க, கேட்டதையே கேட்டா அவங்களும் சொன்னதையே சொல்லிட்டுப் போவாங்க.