ஒழுங்கைக்கு ஒரே நிறுவனம்: கட்டிய முற்பணத்தை மீட்க முடியுமா?

கேள்வி: இலங்கையின் யாழ்ப்பாண மாவட்டத்து வேலணையில் இருந்து எழுதுகிறேன். வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்கிறேன். இரண்டு கிழமைக்குள் பைபர் இணைப்பு வரும் என்று முகவர் வாட்ஸ்அப்பில் உறுதியளித்ததால் 15,000 ரூபா முற்பணம் கட்டினேன். பத்துக் கிழமையாகிவிட்டது, கம்பத்துப் பெட்டியில் புதிய இணைப்புக்கு இடமில்லையாம். அதற்குப் பதிலாக 24 மாத ஒப்பந்தத்துடன் 4ஜி ரவுட்டர் எடுக்கச் சொல்கிறார்கள். எங்கள் ஒழுங்கைக்கு வேறு எந்த நிறுவனமும் கேபிள் இழுக்கவில்லை. இந்த ஏகபோகத்துக்கு எதிராக வழக்குப் போடலாமா?

பதில்: ஏகபோகம் என்ற சொல்லை உங்கள் முறைப்பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இந்த விடயத்தில் போட்டியைத் தடுக்கும் நடத்தையையே விசாரணைக்கு உட்படுத்துகிறது. ஓர் ஊரில் ஒரே நிறுவனம் இருப்பது மட்டும் அத்தகைய நடத்தையாகாது. மற்றொரு நிறுவனம் கம்பத்தைப் பயன்படுத்துவதை இவர்கள் தடுத்தார்கள் என்பதற்குச் சான்று கிடைத்தால் நிலைமை வேறு. இலாபம் காணாத ஒழுங்கைக்குக் கேபிள் இழுக்கும்படி இன்னொரு நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் வழி உங்கள் கையில் இல்லை.

உங்கள் பலம் அந்த 15,000 ரூபாவில்தான் இருக்கிறது. இடமிருக்கிறதா என்று பாராமல் பணத்தை வாங்கிக்கொண்டு நாள் குறித்தது, அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு தடைசெய்யும் தவறாக வழிநடத்தும் நடத்தை என்று வாதிட இடமுண்டு. முகவர் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று நிறுவனம் கைவிரிக்கக்கூடும். ஆனால் பணத்துக்குப் பற்றுச்சீட்டு நிறுவனத்தின் பெயரில் தரப்பட்டிருந்தால் அந்தப் பேச்சு எளிதில் எடுபடாது. ஆகவே வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல், திகதி தெரியும்படி அச்செடுத்து வையுங்கள்.

முதலில் 14 நாள் அவகாசம் கொடுத்து, இணைப்பை வழங்கும்படி அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் கோருங்கள். பயன் இல்லாவிடில், 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் இயங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்குத் தமிழிலேயே எழுத்தில் முறையிடுங்கள். முறைப்பாட்டை விசாரித்துப் பரிகார நடவடிக்கை எடுக்கச் செய்யும் அதிகாரம் அதற்கு உண்டு. நுகர்வோர் அதிகார சபைக்கான முறைப்பாட்டுக்கு மூன்று மாதக் கால எல்லை இருப்பதால், பணம் கட்டிய நாளிலிருந்தே எண்ணத் தொடங்குவது பாதுகாப்பானது. பத்துக் கிழமை கடந்துவிட்டது என்கிறீர்கள். 14 நாள் முடியும்வரை காத்திராமல் அந்தச் சபைக்கான முறைப்பாட்டை இப்போதே அனுப்புங்கள். இவ்வளவு சிறிய தொகைக்கு நீதிமன்றப் படியேறுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அதற்கு முன், பிணக்குகளைச் சமரசமாகத் தீர்க்க முயலும் மத்தியஸ்த சபையை நாட வேண்டியும் இருக்கும்.

உங்கள் பிரதேசத்தில் சேவை வழங்குவது குறித்து நிறுவனத்தின் அனுமதிப்பத்திரத்தில் என்ன நிபந்தனைகள் உள்ளன என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை; தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். ஊரவர் சிலர் தனித்தனியே கேட்டால் கோப்பு சற்று வேகமாக நகரும் என்பது என் அனுபவம்.

ரவுட்டர் ஒப்பந்தத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்ததால் புரியவில்லை என்று பின்னர் சொல்வது பொதுவாக உங்களைக் காப்பாற்றாது. நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றி 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் இருந்தாலும், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கையெழுத்திடுமுன் எழுத்தில் பெறுவதே மலிவான வழி. உறவினர் ஒருவரின் 4ஜி சிம்மை இரவல் வாங்கி, மாலை ஏழு மணிக்குப் பின் உங்கள் வேலை மேசையில் வைத்தே வேகத்தைப் பரிசோதித்துவிட்டு முடிவெடுங்கள்.